நான்காவது ஆல்பத்தின் விசில்

இந்த ஆல்பமும் தோற்றால் குழுவைக் கலைத்துவிடுவதாக அண்ணன் சொல்லியிருந்தான். எங்கள் எலக்ட்ரானிக் இசைக்குழுவில் மெட்டு, ஒலிக்கலவை எல்லாம் அவன்தான். நான் கீபோர்டு. ரசிகர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க, வெளியான அன்றே இருவரும் முகத்தை மறைத்துக்கொண்டு இசைத்தட்டுக் கடைக்குப் போனோம்.

கடை ஸ்பீக்கரில் எங்கள் ஆல்பம்தான் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு ரசிகர்கள் மல்லுக்கு நின்றார்கள்.

“விமர்சகர் அஞ்சு ஸ்டார் குடுத்திருக்காருடா. பாட்டு முழுக்க வர்ற அந்த விசில் சத்தம்தான் இவங்களோட வளர்ச்சியாம்” என்றான் கண்ணாடிக்காரன்.

“வளர்ச்சியா? காதுக்குள்ள கொசு குடித்தனம் வந்த மாதிரி இருக்கு. முதல் ஆல்பத்தக் கேட்டு அழுதவன்டா நான்” என்றான் தாடிக்காரன்.

“அழுதுக்கிட்டே இரு. துணிச்சல்னா என்னன்னு உனக்கெல்லாம் புரியாது.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணன் சிரிக்கவில்லை.

“அஞ்சு ஸ்டாராம்ணா! ஜெயிச்சிட்டோம்” என்றேன். “மிக்ஸிங்ல அந்த விசில நீ எடுக்காம விட்டப்போ எங்க எல்லாருக்கும் இது தப்பாச்சேன்னு தோணுச்சு. உன்கிட்ட யாரு போய்க் கேக்குறதுன்னு வாய மூடிக்கிட்டோம்.”

அவன் என் கையைப் பிடித்தான்.

“இப்ப ஓடுற இந்தப் பாட்டுல அந்த விசில் வருதா?”

“காதைத் துளைக்குதே. ஏண்ணா?”

அவன் ஒரு காதை ஸ்பீக்கரில் வைத்து அழுத்தினான். கொஞ்ச நேரம் கழித்து, மறு காதையும்.