ஓரக் குழி

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று உலகமே நம்பிக்கொண்டிருக்கிறது. தவறு. தசை ஆடாது. ரத்தத்தில் இருக்கும் புரதம்தான் ஓடும். அதுவும் இருநூறு வோல்ட் பாய்ச்சினால்.

அது ஓடி நின்ற இடத்தில் கோடு விழும். யார் எங்கிருந்து வந்து யாரோடு கலந்தார்கள் என்பதை அந்தக் கோடுகளை வைத்துக் கண்டுபிடிப்பதுதான் ஆய்வகத்தின் வேலை. கூழ்போல் உறைந்த ஜெல் பலகையில் குழிக்கு ஒருவர் ரத்தம். ஓரக் குழி மட்டும் காலி. ஓரத்தில் கோடு கோணிக்கொள்ளும்.

பேராசிரியர் பலகையை வெளிச்சத்தில் பிடித்தார். "பட்டியல்ல பதினெட்டு பேர். ஓரக் குழியில யாரும்மா இது?"

"நான்தான் சார்," என்றாள் டெக்னீஷியன்.

"உங்க ரத்தத்தை யாரு கேட்டா?"

"இருபத்தெட்டு வருஷமா யாரும் கேக்கல சார்."

அவள் வளர்ந்தது அநாதை இல்லத்தில். பலகையில் எல்லாருக்கும் இரண்டு கோடு. அவளுக்கு மட்டும் மேலே மூன்றாவதாக ஒன்று. புது ஊரிலிருந்து ரத்தம் வரும்போதெல்லாம் பக்கத்தில் தன்னுடையதையும் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பாள்.

"எங்கயாவது ஒரு சித்தி, ஒரு ஒண்ணுவிட்ட அண்ணன்..."

"கோடு ஒத்துப்போனா சொந்தமாயிடுமா? ஆயிரம் வருஷத்துக்கு முன்னால ரெண்டு பேரோட பாட்டனும் ஒரே கப்பல்ல வாந்தி எடுத்துக்கிட்டு வந்திருப்பான். அவ்வளவுதான்!"

"ஒரே கப்பல்லயா சார்?" அவள் முகம் மலர்ந்தது. "அது போதும் சார்."

"இது விஞ்ஞானம்மா, கல்யாணத் தரகு இல்ல! இன்னொரு தடவை ஓரக் குழியில ஒரு சொட்டு பாத்தேன், வேலைக்கு வர வேண்டாம்."

பலகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கல்லில்கூட ஈரம் கசியும், இந்த மனுஷனிடம் கசியாது என்று நினைத்துக்கொண்டாள். அதன் பிறகு ஓரக் குழி காலியாகவே இருந்தது. ஒவ்வொரு முறையும் அவள் கண் மட்டும் அங்கே போய்த் திரும்பும்.

நான்கு மாதம் கழித்து அவள் மேஜையில் ஒரு கட்டு காகிதம் விழுந்தது.

"கட்டுரை அச்சுக்குப் போகுது. பிழை பாருங்க. கடைசிப் பக்கத்துல வேண்டாத வரி இருந்தா அடிச்சிடுங்க." நிற்காமல் போய்விட்டார்.

கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: 'மூன்றாம் கோடு: ஒருவர். பூர்வீகம் தெரியவில்லை. இதே கோட்டை எங்கேனும் காணும் ஆய்வாளர்கள் கீழ்க்கண்ட முகவரிக்கு எழுதவும்.'

கீழே இருந்தது ஆய்வகத்தின் முகவரி அல்ல.

அவள் எதையும் அடிக்கவில்லை. மாலை வீடு திரும்பும் வழியில், தன் அறை வாசலில் மாட்ட ஒரு தபால் பெட்டி வாங்கினாள்.