மூன்றாவது பெட்ரோல் பங்க்

“டிரைவர் சார், கொஞ்சம் நிறுத்துங்க. அடக்க முடியல.”

முன் இருக்கைப் பெண் மறுபடியும் எழுந்துவிட்டாள். ஒரு கையில் கம்பி, மறு கையில் மார்போடு அணைத்த ஆஸ்பத்திரி ஃபைல். ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இது மூன்றாவது தடவை.

பஸ் முழுக்க உச்சுக் கொட்டும் சத்தம். “வீட்டுலேயே முடிச்சிட்டு வர்றதில்லையா?” என்றது ஒரு குரல். “பேசாம பங்க்லயே ஒரு வீடு பார்த்துக்கம்மா” என்றது இன்னொன்று. எல்லோரும் சிரித்தார்கள்.

நேற்றுதான் இந்தத் தடத்துக்கு மாறி வந்திருந்த கண்டக்டர் அவளிடம் வந்தார். “ஏம்மா, நேத்தும் இதே கூத்து. என்னதான் பிரச்சினை?”

“அடிவயித்துக்கு ரேடியேஷன் குடுக்கறாங்க சார். பன்னண்டு நாள் ஆச்சு. குடல் புண்ணாகி, சொல்லாம கொள்ளாம வயித்தால போகுது. வந்துச்சுன்னா ரெண்டு நிமிஷம் தாங்காது.”

“எங்க, ஃபைலைக் காட்டு.”

அவள் ஃபைலை இன்னும் இறுக்கிக்கொண்டாள். “அதெல்லாம் எதுக்கு சார்?”

“பார்த்தீங்களா, அத்தனையும் நடிப்பு!” ஜன்னலோரக்காரர் தீர்ப்பு சொல்லிவிட்டார். அவளுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் உட்காரவில்லை.

ஓட்டுநர் திரும்பிப் பார்க்கவில்லை. ஈ காக்கை இல்லாத சாலையில் ஹாரனை மட்டும் மறுபடி இரண்டு முறை அடித்தார்.

“சார், நிறுத்துங்க! இங்கேயே ஆயிடும்!”

பஸ் பெட்ரோல் பங்குக்குள் திரும்பியது. கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். “அண்ணே, நீங்க குடுக்கற இடம்தான் இது.”

“பயணிக்கு அவசரம்னா நிறுத்தணும். ரூல்ஸ்ப்பா.”

“ரூல்ஸ்தான். இதே நமக்கு அவசரம்னு நிறுத்திப் பாருங்க, டிப்போல சீட்டைக் கிழிச்சிடுவான்!”

அவள் இறங்கிக் கழிவறைப் பக்கம் ஓடினாள். டயரைப் பார்த்துவிட்டு வருவதாக ஓட்டுநரும் இறங்கினார். வண்டி மறுபடி நகர எட்டு நிமிடம் ஆயிற்று.

“நாளைக்கு இந்தப் படியில கால் வெச்சிடாத. ஏத்த மாட்டேன்,” என்று பஸ்ஸே கேட்கும்படி சொன்னார் கண்டக்டர். கைதட்டல் எழுந்தது.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். கண்டக்டர் கையெழுத்துப் போட டிப்போவுக்குள் போனார். அவள் மட்டும் இறங்கவில்லை. ஓட்டுநரும் ஸ்டீயரிங்கில் சாய்த்த நெற்றியை எடுக்கவில்லை.

“லீவும் தீர்ந்துபோச்சு. நாளைக்கு என்ன பண்றது?” என்றார் நிமிராமலே.

“என்னைத்தானே ஏத்த மாட்டான்? என் தங்கச்சி வருவா. ரெண்டு ஹாரன் கேட்டா எழுந்திருன்னு சொல்லி வெச்சிருக்கேன்.” ஃபைலை அவர் மடியில் வைத்தாள்.

“வாங்க, உங்க ரேடியேஷனுக்கு நேரமாச்சு.”