முனியப்பன் நிறுத்தம்

முப்பது ஆண்டுகள் மெய்யான லாரி ஓட்டிய நாமக்கல் அத்தியப்பன், இப்போது வீட்டிலிருந்தபடியே, லாரிக் கம்பெனி தந்த மலிவு விலைக் கணினி விளையாட்டில் லாரி ஓட்டுகிறார். அவர் திரையில் ஓட்டுவதை அப்படியே பின்பற்றித்தான் நெடுஞ்சாலையில் நானூறு ஆளில்லா லாரிகள் அன்றாடம் ஓடுகின்றன. அதற்காகவே நிறுவனம் அவருக்குச் சம்பளம் தருகிறது.

அன்று காலை நிறுவன அதிகாரி நிரஞ்சனா மூச்சிரைக்க வந்தாள்.

"ஐயா, எல்லா லாரியும் கணவாய் முனியப்பன் கோயில்ல நின்னு மூணு தடவை ஹாரன் அடிக்குது. எட்டு கிலோமீட்டருக்கு வண்டி தேங்கி நிக்குது!"

"விளையாட்டுலயும் அங்க கோயில் இருக்குதுங்களே அம்மிணி. மூணு ஹாரன் அடிச்சுக் கும்பிடாம மலை இறங்கலாமுங்களா?"

"இப்பவே நிக்காம ஓட்டிக் காட்டுங்க. இல்லேன்னா உங்க வேலை போயிரும்."

"பொம்மைக் கோயில்தானுங்க. கண்ண மூடிட்டு ஓட்டுங்க," என்றாள் மனைவி பாவாயி.

"கண்ண மூடிட்டா லாரி ஓட்டுவாங்க?" என்று சீறியவர், உதட்டைக் கடித்துக்கொண்டு கோயிலைக் கடந்தார்.

நிரஞ்சனாவின் கைபேசி ஒலித்தது. நானூறு லாரிகளும் நகர்ந்துவிட்டனவாம். அவள் நிம்மதியாகப் பாவாயி தந்த மோரை வாயருகே கொண்டுபோனாள்.

திரையில் இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் அத்தியப்பன் பிரேக்கை மிதித்தார். "அப்பனே, அடியேன் பிழை பொறுத்தருள்வாய்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு வண்டியைத் திருப்பினார். கோயில் வாசலில் நிறுத்தி, விட்டதற்கும் சேர்த்து ஆறு முறை ஹாரன் அடித்தார்.

கைபேசி மறுபடியும் ஒலித்தது. எதிர்முனையில் யாரோ கத்தினார்கள். அங்கே எழுந்த ஹாரன் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.