யூட்டின் அலறல்

"பிள்ளை எத்தனை மணிக்குப் படுக்கிறவன், தங்கச்சி?"

வேலிப் படலையில் நின்று கேட்டவர் எமிலியானுஸ் சம்மாட்டி. அந்தக் கரையில் பாதி மீன்பிடி வள்ளம் அவருடையது. அன்ரோனெற் வாடகைக்கு இருந்த வீடும் அவருடையதுதான். வீட்டை விடச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தாள். ஒன்பது மணிக்கு என்று மெல்லச் சொன்னாள்.

நல்லது என்று தலையாட்டிய சம்மாட்டி, கொழுத்த பாரைமீன் ஒன்றை வேலியில் கொழுவிவிட்டுப் போனார். வெட்டப்போகிற கிடாய்க்கு மாலை போடுகிற கதைதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

புருசன் பஸ்ரியனுக்குத் தலைமன்னார் ரயில் ஸ்ரேசனுக்கு மாற்றம் கிடைத்து, நானாட்டானிலிருந்து வந்த குடும்பம். வந்த நாள் முதல் மூன்று வயது யூட் ஊரைக் கூட்டத் தொடங்கினான். நடுச்சாமம் கடந்ததும் எழுந்து உட்கார்ந்து, கண்ணைத் திறந்தபடி, பெற்ற தாயையே அடையாளம் தெரியாமல் அலறுவான். உடனே அக்கம்பக்கத்து விளக்கெல்லாம் எரியும். ஆண்கள் இருமுவதும் முணுமுணுப்பதும் கேட்கும். அன்ரோனெற் வெட்கத்தில் குறுகிப்போவாள். விடிந்ததும் அந்த மகராசன் ஒன்றும் நடக்காதது போலப் பாணும் சீனியும் கேட்பான்.

மடு மாதா கோயில் மண்ணைத் தலைமாட்டில் வைத்தாயிற்று, தீர்த்தம் தெளித்தாயிற்று. கடைசியில் மன்னாருக்குப் போய் டொக்டரைப் பார்த்தாள். பேயுமில்லை, பிசாசுமில்லை என்றார் அவர். நித்திரை பாதி கலைந்து, பாதி கலையாமல் நிற்கிற வேலையாம். களைத்துப்போன பிள்ளைக்குக் கூடுதலாக வருமாம். உலுப்பி எழுப்பாமல், விழுந்துவிடாமல் பக்கத்தில் இருந்தால் போதுமாம்.

"அவனுக்கு அது ஞாபகமே இராது. பயப்படுறது நீங்கள்தான். பொழுதுபட்டதும் படுக்க வையுங்கோ," என்று சிரித்தார்.

அப்படியே செய்தாள். அன்றிரவு யூட் கத்தவில்லை. மறுநாளும் இல்லை. ஊரும் அசையாமல் கிடந்தது. தலைமன்னாருக்கு வந்தபிறகு அவள் முழு நித்திரை கொண்டது அப்போதுதான்.

அடுத்த நாள் நன்றாக விடிந்தபிறகு, சம்மாட்டி நாலைந்து பேரோடு படலையில் வந்து நின்றார். எல்லார் முகமும் வீங்கியிருந்தது. அன்ரோனெற் முந்திக்கொண்டாள்.

"பிள்ளைக்கு இப்ப சுகம், ஐயா. ரெண்டு நாளாக் கத்தேல்ல. எங்களை வீட்டை விட்டு வெளியேத்திப்போடாதேங்கோ."

சம்மாட்டி தலையில் கைவைத்தார்.

"அதைப்பற்றிக் கதைக்கத்தானே வந்தனாங்கள், தங்கச்சி. சாமத்தில எழும்ப இவன்ர சத்தத்தையே நம்பி, ஒருத்தரும் அலாரம் மணிக்கூட்டுக்குச் சாவி குடுக்கிறதில்லை. ரெண்டு நாளா ஒரு வள்ளமும் கடலுக்கு இறங்கேல்ல. எல்லாரும் விடியும்வரை நித்திரை. பழையபடி ஒன்பது மணிக்கே படுக்க வையுங்கோ. சனிக்கிழமை மட்டும் பொழுதுபடப் படுக்கட்டும். ஞாயிறு நாங்கள் தொழிலுக்குப் போறதில்லை."