பீமுக்கு ஒரு கறுப்புத் துணி

"வெடிச்ச பீமுக்குத் துணி ஒட்டுறதோ? இதென்ன, கிழிஞ்ச சட்டையோ, பிள்ளை?"

துறைமுக வீதி மாதா கோயில் மண்டபத்துக்குள் கால் வைத்ததுமே நிர்வாகசபைத் தலைவர் இராஜநாயகம் தொடங்கிவிட்டார்.

கூரையைத் தாங்கும் பீமுக்குக் கீழே ஏணியில் நின்ற எஞ்சினியர் மெலனி கோபிக்கவில்லை. "இது காபன் துணி, ஐயா. பசையோட காஞ்சா இரும்பு மாதிரி இழுத்துப் பிடிக்கும். நிலாவெளிக் கடலில ஓடுற ஃபைபர் போட்டும் துணியும் பசையும்தானே."

"போட்டுக்குத் தலைக்கு மேல கூரையில்லை. முப்பது வருசத்துக்கு முந்தி நான் கொந்தராத்து எடுத்துக் கட்டின மண்டபம் இது. என்ர கொங்கிறீட்டில ஒரு குறை சொல்ல ஏலாது. வேலையை நிப்பாட்டுங்கோ."

மண்டபக் காரியதரிசி ஜக்சன் ஏணியடிக்கு ஓடி வந்தான். வருகிற சனிக்கிழமை அவனுடைய கலியாணமே இங்கேதான். நானூறு பேருக்கு அழைப்புக் காட் கொடுத்தாயிற்று.

மெலனி இறங்கி வந்தாள். "ஐயா, ஒருக்கா இஞ்சால வாங்கோ."

அவரை மூலைக்குக் கூட்டிப்போய், பொக்கற்றிலிருந்து எதையோ எடுத்து அவர் கைக்குள் வைத்தாள்.

இராஜநாயகம் பார்த்தார். சட்டென்று கையை மூடினார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஒட்டுங்கோ, பிள்ளை. ரெண்டு சுற்றாவே ஒட்டுங்கோ. ஜக்சன், பிள்ளைக்கு இன்னும் தேத்தண்ணி குடுக்கேல்லையோ?"

பெட்டிப் பாம்பாய் அடங்கிப் போய்விட்டார்.

ஜக்சனுக்குக் கலியாணம் தப்பிய நிம்மதி ஒரு பக்கம், அருவருப்பு ஒரு பக்கம். இவ்வளவு சத்தமும் இதுக்குத்தானா? அதுவும் கோயில் வேலையில். கொடுத்தவளும் லேசுப்பட்டவள் இல்லை.

தேத்தண்ணியை நீட்டியபடி கேட்டே விட்டான்.

"எவ்வளவு குடுத்தனீங்கள், மிஸ்?"

மெலனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூண்டு குடுத்தனான். மிச்சம் இந்தா கிடக்கு."

உள்ளங்கையில் கொட்டிக் காட்டினாள். சின்னச் சின்னச் சிப்பிகள்.

"பீமைக் கொத்தேக்க உள்ளுக்குள்ள இருந்து வந்ததுகள்."

"கழுவாத கடல் மண்ணோ?"

"ஓம். அந்த உப்பாலதான் உள்ளுக்குள்ள கம்பி கறள் பிடிச்சு பீம் வெடிச்சது. பழுதான கொங்கிறீட்டைக் கொத்தி எடுத்து, கறளையும் சுரண்டிப் போட்டுத்தான் ஒட்டுறம். நீங்கள் பயமில்லாமல் தாலி கட்டுங்கோ."

"அப்ப றிப்போட்டில?"

"உப்பு எண்டு எழுதினனான்," என்றாள் மெலனி, தேத்தண்ணியை ஊதிக்கொண்டே. "ஆர் போட்ட உப்பு எண்டு எழுதேல்ல."