தள்ளிவிட்ட காற்று

"யார் அந்தக் காத்து அளவைத் தள்ளினது?"

தோர்கெய்ர் மேசையில் ஓங்கி அடித்தார். காப்பி சிந்தியது.

ஓலசுண்ட் துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு வானிலை சொல்லும் சின்னக் கம்பெனி அது. தோர்கெய்ர்தான் தலைவர். 'லேசான காற்று' என்று இவர்கள் சொன்னதை நம்பிப் போன ஒரு படகு, போன வாரம் கவிழ்ந்துவிட்டது. இரண்டு பேர் இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள்.

"ஆள் யாரும் தள்ளல. கம்ப்யூட்டர்தான்," என்றார் ரன்வெய்க். செயற்கைக்கோள் அளவுகளைக் கவனிக்கும் பெண் அவர்.

"விவரமா சொல்லு."

"அன்னிக்குக் கடல் மேல புயல் காத்துன்னு செயற்கைக்கோள் காட்டியிருக்கு. கம்ப்யூட்டர் போட்ட கணக்குல லேசான காத்து. ரெண்டுக்கும் ரொம்ப வித்தியாசம் இருந்தா, வந்த அளவுதான் தப்புன்னு அது தள்ளிடும். அப்படித்தான் நாம வெச்சிருக்கோம்."

"அட, நல்ல நியாயம்! நனைஞ்சு வந்து நிக்கிறவன்கிட்ட, 'என் கணக்குல மழையே இல்ல, போடா'ன்னு சொல்ற மாதிரி இல்ல?"

மேசையைச் சுற்றி இருந்த ஊழியர்களில் சீவர்ட் சிரித்துவிட்டார்.

"என்ன சிரிப்பு? தண்ணியில விழுந்தது உன் தம்பியா இருந்தா இளிப்பியா?"

சீவர்ட் தலையைக் குனிந்துகொண்டார்.

"பத்திரிகைக்காரன் கேட்டா நான் என்ன சொல்றது? எங்க மிஷினுக்குத் திமிருன்னா? இனிமே கணக்குக்கு மாறா வர்ற ஒவ்வொரு அளவையும் மனுஷன் பாக்கணும். புரிஞ்சுதா?"

"அதுக்குத்தான் காலையிலேர்ந்து உன்னைத் தேடறேன்," என்றார் ரன்வெய்க். "இன்னிக்கும் அதே கதை. தெற்கே புயல் காத்துன்னு செயற்கைக்கோள் சொல்லுது. கம்ப்யூட்டர் தள்ளிடுச்சு. நான் நல்லா சரிபார்த்துட்டேன், அளவுல குறை இல்ல. மத்தியானம் கிளம்பற படகுகளை நிறுத்தச் சொல்லு."

தோர்கெய்ர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"சும்மா நிறுத்தினா மீனவங்க நம்மளைச் சும்மா விடமாட்டாங்க," என்றார் தோர்கெய்ர். "சீவர்ட், நீ என்ன சொல்ற?"

"கணக்குப்படி லேசான காத்துதான்."

"ஒட்னி?"

"அதேதான்."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். கீழே துறைமுகத்தில் முதல் படகின் இன்ஜின் உறுமத் தொடங்கியது.

"தோர்கெய்ர், உயிர் போயிடும்!" ரன்வெய்க் கத்தியே விட்டார்.

தோர்கெய்ர் எழுந்து, அவரை வெளியே போகச் சொல்வதுபோல் கதவைத் திறந்துவிட்டார்.

"இத்தனை பேர் ஒண்ணு சொல்றோம். நீ ஒருத்தி மட்டும் வேற சொல்ற. அப்போ தப்பு யார்கிட்ட, நீயே சொல்லு."