அடைக்கலத்தின் ரிப்போர்ட்

“இந்தப் பட்டையைக் கட்டிக்கிட்டுப் படுத்தது நீங்க இல்லண்ணே. யாரு கட்டினதுன்னு சொல்லுங்க.”

இந்த ஒரு கேள்வியை மட்டும் யாரிடமும் கேட்கக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே பீமராவ் சொல்லியிருந்தார். தென்னூரில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் தூக்கப் பரிசோதனைக் கடை அவருடையது. ஒரு பஸ் கம்பெனி தன் நாற்பது டிரைவர்களையும் அங்கே அனுப்பிக்கொண்டிருந்தது. ராத்திரி நெஞ்சில் பட்டையால் கட்டிக்கொண்டு வீட்டில் தூங்குவதற்கான பெட்டியைக் கொடு, மறுநாள் திரும்ப வாங்கு, கம்ப்யூட்டரில் செருகு, ரிப்போர்ட்டை எடு. ரிப்போர்ட் மோசமாக வந்தால் மூச்சு மெஷினை விற்றுவிடு. எவர் படுத்தார், எவர் எழுந்தார் என்பதெல்லாம் நமக்கு எதற்கு?

இளவேனில் கேட்டுவிட்டாள்.

காலையிலிருந்தே அவளுக்கு எரிச்சல். மாடிப்படியை அடைத்துக்கொண்டு எவளோ ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். இது என்ன உங்க வீடா என்று அதட்டி எழுப்பிவிட்டுத்தான் மேலே ஏற முடிந்தது. வந்து உட்கார்ந்தால், டிரைவர் அடைக்கலம் திருப்பிக் கொடுத்த பெட்டி.

நெஞ்சுப் பட்டை முழுக்க மஞ்சள் கறை. ஒட்டுகிற இடத்தில் முழ நீளத்துக்கு ஒரு முடி சிக்கியிருந்தது. அடைக்கலத்துக்கோ தலையில் மருந்துக்குக்கூட முடி கிடையாது.

இதைக்கூடக் கேட்காமல் இருப்பதற்கா தொட்டியத்தில் அப்பா வாழைத்தார் சுமந்து அவளைப் படிக்க வைத்தார்?

அடைக்கலம் முதலில் சிரித்தார். அப்புறம் நெளிந்தார். அப்புறம் சொன்னார். பரிசோதனையில் தேறாதவனை வண்டியை விட்டு இறக்கிவிடுவார்கள் என்று டிரைவர்களுக்குள் பேச்சாம். அவருக்குக் குறட்டை, ஷெட்டில் படுத்தால் பக்கத்து வண்டிக்காரன் எழுந்து போய்விடுகிற அளவுக்குக் குறட்டை. அதனால் பட்டையை சம்சாரத்துக்குக் கட்டிவிட்டாராம்.

“அவதாம்மா வீட்டுலயே நல்லாத் தூங்குறவ. படுத்தா கட்டைதான். பூ கட்டுறப்பவே நூலைக் கையில வெச்சுக்கிட்டுத் தூங்கிருவா. ஸ்ரீரங்கத்துல எங்க தெருவே அவளைத் தூங்குமூஞ்சின்னுதான் கூப்பிடும்.”

சொல்லிவிட்டு, பாஸா என்று கேட்டார்.

இளவேனில் ஸ்கிரீனை அவர் பக்கம் திருப்பினாள். மணிக்கு ஐம்பத்திரண்டு தடவை மூச்சு நின்றிருந்தது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் அறுபத்தொன்பது சதவீதம் வரை இறங்கியிருந்தது. விடிய விடிய அந்த அம்மா மூச்சுக்குத் தவிக்கிறார், அந்த அலுப்பில்தான் பகலில் சாய்ந்து விழுகிறார், இப்படியே விட்டால் இருதயம் தாங்காது என்று பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினாள்.

அடைக்கலம் பட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பீமராவ் உள் அறையிலிருந்து வந்தார். சத்தம் போடவில்லை, அவர் போடவே மாட்டார். ஒரு ஆள் மாறியது பஸ் கம்பெனிக்குத் தெரிந்தாலும் நாற்பது ரிப்போர்ட்டும் குப்பைக்குப் போய்விடும் என்றார். இதை அழித்துவிட்டு அண்ணனுக்கு வேறு பெட்டி கொடுத்து அனுப்பு, இந்தத் தடவை அவரே கட்டிக்கொள்வார் என்றார்.

அப்போ அந்த அம்மா, என்று கேட்டாள் இளவேனில்.

“அவங்க நம்ம கஸ்டமர் இல்லையேம்மா.”

அவ்வளவு பொறுமையாகச் சொன்னார். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடைக்கலத்திடம் சம்சாரத்தின் பெயரைக் கேட்டாள். மயிலம்மாள் என்றார். வயதைக் கேட்டாள். நாற்பத்தொன்று இருக்கும், இரண்டும் இருக்கலாம் என்றார். பெயர்க் கட்டத்தில் இருந்த அடைக்கலத்தை அழித்துவிட்டு மயிலம்மாள் என்று அடித்தாள். பிரிண்டர் முக்கி முனகி நான்கு பக்கம் தள்ளியது.

இந்தக் காகிதத்தோடு கீழே இறங்கினால் நாளைக்கு மேலே ஏற வேண்டாம் என்றார் பீமராவ்.

அவள் சாப்பாட்டுப் பையை ஏற்கெனவே தோளில் மாட்டியிருந்தாள். இன்றைக்கே டாக்டரிடம் போகிறோம், ஸ்ரீரங்கத்துக்கு வண்டியை எடுங்கள், அவங்களைக் கூட்டிக்கொள்ளலாம் என்று அடைக்கலத்திடம் சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தாள்.

அவர் பின்னாலேயே ஓடி வந்தார்.

“ஸ்ரீரங்கம் எதுக்கும்மா, கீழதான் இருக்கா. படியில உட்கார வெச்சிட்டு டீக்குப் போனேன். யாரோ ஒரு பொண்ணு வந்து, இது என்ன உங்க வீடான்னு விரட்டி விட்டுருச்சாம். பாவம், ஓரமாப் போய் உட்கார்ந்திருக்கா.”

அந்தப் பெண் பதில் சொல்லாமல் இரண்டிரண்டு படியாக இறங்கினாள்.